வெர்னா எடுத்துவிட்ட பூட்டு

வெர்னா ஹால்வர்சன் இருபத்தோரு வருஷம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவள். அந்தக் கிளையை மூடியதும், டெம்பி நகரில் இணையப் பெயர்களைப் பதிவுசெய்து தரும் நிறுவனம் ஒன்றில் தொலைபேசி உதவிப் பிரிவில் சேர்ந்தாள். ஒருவருடைய தளத்தின் பெயரை வேறு யாரும் தூக்கிக்கொண்டு போய்விடாதபடி அதற்கு ஒரு பூட்டு உண்டு. கேட்பவர் உரிமையாளர்தான் என்று உறுதியானால் பூட்டை எடுத்து, பெயரை வேறு நிறுவனத்துக்கு மாற்றும் ரகசியக் குறியீட்டை அனுப்பலாம். அவள் வேலையில் பாதி அதுதான். ஐந்து வருஷத்தில் அவள்மேல் ஒரு புகார் வந்ததில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, எல்டன் பிக்ஸ்பி என்று சொல்லிக்கொண்டு ஒருவன் கூப்பிட்டான். எல்டன் வடக்குக் கலிபோர்னியாவில் தேனீ வளர்ப்பவர்; ராணித்தேனீக்களைத் தபாலில் அனுப்பி விற்பவர். பழைய மின்னஞ்சல் திறக்கவில்லை, மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், வீட்டுத் தொலைபேசியை எடுக்க ஆளில்லை என்றான். முகவரி, பிறந்த தேதி, மனைவியின் பெயர் எல்லாம் தடங்கலில்லாமல் வந்தன. பதிவிலுள்ள எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. ஆனால் வெர்னாவின் கணவர் உயிரை விட்டதும் ஆஸ்பத்திரியில்தான். அவன் குரல் உடைந்தபோது அவள் விதியைத் தள்ளிவைத்தாள். புதிய மின்னஞ்சலைப் பதிந்து, பூட்டை எடுத்து, குறியீட்டை அனுப்பிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து உண்மையான எல்டன் கூப்பிட்டார். அழைப்பு அவளிடமே வந்து சேர்ந்தது.

"பதினெட்டு வருஷமா நான் நடத்தின தளம்மா. இப்ப எவனோ அதே பேர்ல, என் படத்தையே போட்டு ஆர்டர் எடுக்கறான். பணம் கட்டி ஏமாந்தவங்க என்னைத் திருடன்னு திட்டறாங்க. இங்க வாங்க ஆளில்லாம ராணிங்க செத்துட்டிருக்கு."

அவள் பதிவைத் திறந்தாள். பூட்டை எடுத்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது.

"உங்க மனைவி எப்படி இருக்காங்க?"

"அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா. எதுக்குக் கேக்கறீங்க?"

பெயர் அதற்குள் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்குப் போயிருந்தது. இனி வக்கீல்கள் பார்த்துக்கொள்வார்கள், விசாரிக்கிறோம் என்பதற்குமேல் அவரிடம் ஒரு வார்த்தை பேசாதே என்றாள் மேற்பார்வையாளர் மார்லா. வெர்னா இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மதிய இடைவேளையில், வெயிலில் நின்ற காருக்குள் உட்கார்ந்து தன் கைபேசியில் எல்டனைக் கூப்பிட்டாள்.

"பூட்டை எடுத்தது நான்தான் சார். உங்க நம்பருக்குக் கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். கேக்கலை."

"ஒரு போன். அதைக்கூடப் பண்ண முடியலையா உங்களால?" என்றார். பிறகு, "இதை எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதிக் கொடுத்தாள். அந்த வாரமே வேலை போயிற்று.

அவள் கடிதத்தை முக்கியச் சாட்சியமாக வைத்துத்தான் எல்டனின் வக்கீல் வாதாடினார். பதினான்கு மாதம் கழித்துப் பெயர் திரும்பக் கிடைத்தது. ஆனால் அதற்குள் ராணிகள் விற்கும் வசந்தகாலம் இரண்டு கடந்திருந்தது. வாடிக்கையாளர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். தேனீப் பெட்டிகளைப் பக்கத்துப் பண்ணைக்காரனுக்கு விற்றுவிட்டு எல்டன் லாரி ஓட்டப் போயிருந்தார்.

வக்கீலின் கடிதத்தில் இதைப் படித்த வெர்னா அவர் வீட்டு எண்ணுக்குக் கூப்பிட்டாள். எடுத்தது மனைவி.

"அவர் உங்ககிட்ட பேச மாட்டார். எழுதிக் குடுத்ததுக்கு நான் வேணா நன்றி சொல்றேன். இனிமே கூப்பிடாதீங்க."

வெர்னா சரி என்றாள். பிறகு கூப்பிடவில்லை.