சென்னியம்மாளின் பெட்ரோல் முள்

சென்னியம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அதை அவளே ஒப்புக்கொள்வாள். ஆனால் அவள் வண்டி ஓட்டுவதைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துப் பேசினால் போதும், பேசியவர் அன்றைக்குத் தொலைந்தார். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் அந்த ஊரில் முதன்முதலாக ஸ்டீரிங் பிடித்த பெண் அவள். கல்யாணமான புதிதில் புருஷன் சின்னண்ணன் டிராக்டர் ஓட்டிக் காட்டுகிறேன் என்று கிளம்பி, நேராகக் கரும்புக் காட்டுக்குள் இறக்கிவிட்டுத் திருதிருவென்று முழித்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி, ரிவர்ஸ் எடுத்து வெளியே கொண்டுவந்தவள் இவள். அன்றோடு அவர் எந்த வண்டியின் சாவியையும் தொடவில்லை. "ஓட்டறது அவ, உக்காந்துட்டு வாரது நானு" என்று அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வார்.

டிராக்டருக்குப் பின் கார் வந்தது. பிரசவ வலி வந்த பெண்களைச் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்தக் கார்தான். பெண் பார்க்கப் போனதும், மொட்டையடிக்க மலையேறியதும் அதில்தான். இருபது வருஷம் தாண்டிவிட்டது. இந்த வருஷம் மாசியில் அதற்குப் புதுப் பெயின்ட் அடிக்க ஆசைப்பட்டாள். கார் பட்டறையில் விடலாம் என்றார் சின்னண்ணன். கேட்பாளா? போர்வெல் போடும் ரிக் லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறைக்கு ஓட்டிப்போனாள். இந்தப் பக்கத்து ரிக் லாரி பெயின்டர்கள் ஒரு போல்ட்டு முனையைக்கூட விடமாட்டார்கள், அடி முதல் நுனி வரை பூசித் தள்ளிவிடுவார்கள். அந்த வேலைதான் அவளுக்குப் பிடிக்கும். "எல்லாத்தையும் கழட்டி அடிங்க. அடியில யாரு பாக்கறாங்கன்னு உட்டுடாதீங்க" என்று பக்கத்திலேயே நின்று அடிக்கவைத்தாள். கார் செக்கச்செவேலென்று வந்து வாசலில் நின்றபோது, தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள்.

அந்தக் காரைத்தான் மகன் விற்கப் பார்த்தான்.

அதற்குக் காரணம் ஜேடர்பாளையத்து ரோடு. நாத்தனார்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு அங்கிருக்கும் அணைக்குப் போன அன்று, பாதி வழியில் கார் விக்கி விக்கி நின்றது. பெட்ரோல் காலி. பெட்ரோல் மீட்டரின் முள் கொஞ்ச நாளாகவே அடியில் படுத்துக் கிடந்ததால், ஓடிய தூரத்தை மனக்கணக்குப் போட்டே ஓட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கணக்குத் தப்பிவிட்டது. பட்டுச்சேலையோடு நாத்தனார்கள் வெயிலில் காரைத் தள்ளினார்கள். சின்னவள்தான், "பெட்ரோல் இருக்குதான்னு பாக்காதயா டிரைவரு வண்டிய எடுத்தாங்க" என்றாள். சென்னியம்மாளுக்குத் திருப்பிச் சொல்ல வாய் வரவில்லை. வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

மகன் மோகன்குமார் ரிக் வண்டித் தொழிலில் இருக்கிறவன், வெளிமாநிலத்திலிருந்து வந்ததும் வராததுமாகச் செய்தி அவன் காதுக்குப் போய்விட்டது.

"அம்மா, காரு பழசாயிப் போச்சுங்க. மெக்கானிக்கும் மீட்டர் போயிருக்கும், சாமான் கெடைக்காதுங்கறாரு. நாளைக்குப் பழைய காரு யாவாரம் பண்ற சரவணமுத்து வந்து பாத்து எடுத்துக்கறாராம். இனி என்ற வண்டியில பின்னாடி சொகமா உக்காந்துட்டு வாங்க."

பாசமாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்கு நெஞ்சில் குத்தியது. பின்னாடி உட்காருவதாம். ஊரையே பின்னாடி உட்காரவைத்து ஓட்டியவள் அவள்.

"அந்த முள்ளு எந்திரிச்சுதுன்னா?" என்றாள்.

"எந்திரிச்சுதுன்னா வண்டி ஊட்டுலயே இருக்கட்டும். நான் வாயே தொறக்கலைங்க."

மறுநாள் காலை மாட்டுக்குத் தண்ணி காட்டிய கையோடு வேலையில் இறங்கினாள். கிணற்று மோட்டாரோடும் ஸ்டார்ட்டர் பெட்டியோடும் மல்லுக்கட்டியே பாதி ஆயுசு போனவள். கரண்டு ஒரு பக்கம் உள்ளே போனால் மட்டும் போதாது, திரும்பி வரவும் வழி வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். முதலில் இன்ஜினை ஓடவிட்டாள். பெட்ரோல் மீட்டருக்குப் பக்கத்தில் இருந்த இன்ஜின் சூட்டு மீட்டரின் முள் மெல்ல ஏறியது. சரி, முன்பக்கம் கரண்டு வருகிறது. இன்ஜினை நிறுத்தி, பின் சீட்டைத் தூக்கினாள். கீழே ஒரு மூடி, மூடிக்கு அடியில் டேங்க், அதன் தலையில் பெட்ரோல் அளவு காட்டும் மிதவைக்குப் போகும் ஒயர். அதைக் கழற்றி, கதவோரத்துத் தகடு தெரியும் இடத்தில் கட்டினாள்.

"ஏனுங்க, இப்ப சாவியத் திருப்புங்க. முள்ளு என்ன பண்ணுதுன்னு பாருங்க."

சாவி என்றதும் சின்னண்ணன் ஒருமுறை தயங்கினார். பிறகு திருப்பினார். "அட, மேல போகுது புள்ள. ஃபுல்லைத் தொட்டுப் போட்டுது."

மீட்டருக்கும் உயிர் இருக்கிறது, ஒயருக்கும் உயிர் இருக்கிறது. மிச்சம் இரண்டே இரண்டுதான்: டேங்குக்குள் மிதவை, இல்லாவிட்டால் கரண்டு திரும்பிப் போகும் எர்த்து. சாவியை அணைக்கச் சொல்லி ஒயரைப் பழைய இடத்தில் மாட்டினாள். மிதவையின் மூடியிலிருந்து தகட்டுக்கு இன்னொரு ஒயர் கொடுத்துப் பார்த்தாள். முள் அசையவில்லை. இதற்குள் சரவணமுத்து வந்துவிட்டார். மோகன்குமார் அவருக்குக் காபி கொடுத்துவிட்டு எட்டிப் பார்த்தான். "போதும் உடுங்கம்மா" என்றான்.

அவள் விடவில்லை. முள் எப்போது படுத்தது என்று யோசித்தாள். சித்திரையில்லை, பங்குனியில்லை. மாசி. கார் பட்டறையிலிருந்து வந்த நாள். குனிந்து டேங்கைப் பார்த்தாள். மிதவையின் மூடி, திருகாணி, எர்த்து ஒயரின் முனை, எல்லாம் ஒரே சிவப்பு, இரண்டு பூச்சு. தகரம் தகரத்தைத் தொடுவதற்கு ஊசிமுனை இடமில்லை. அவள் கொடுத்துப் பார்த்த ஒயரும் பெயின்ட்டின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. அரிவாள்மனைப் பக்கத்தில் கிடந்த சின்னக் கத்தியை எடுத்து மூடியில் சுரண்டினாள். வெள்ளைத் தகடு பளிச்சென்று தெரிந்தது. எர்த்து முனையையும் சுரண்டி இறுக்கினாள்.

"திருப்புங்க."

முள் எழுந்தது. நேற்று ஊற்றிய பெட்ரோலுக்குச் சரியாகப் பாதியில் போய் நின்றது. சின்னண்ணன் முள்ளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

மோகன்குமார் குனிந்து சுரண்டிய இடத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "எந்தக் கிறுக்கன்மா எர்த்து மேலெல்லாம் பெயின்ட் அடிச்சான்?"

பழியைப் பெயின்டர் தலையில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவன் இங்கே வந்து மறுக்கவா போகிறான்? ஆனால் செய்ததை இன்னொருத்தன் மேல் போடுகிற பழக்கம் சென்னியம்மாளுக்கு இல்லை.

"அவன் என்ன பண்ணுவான். அடிக்கச் சொன்னது நாந்தான். கண்டுபுடிச்சதும் நாந்தான்" என்றாள்.

சரவணமுத்து தம்ளரைக் கீழே வைத்தார். "அக்கா, இது விக்கற வண்டியில்லீங்க" என்று எழுந்தார்.

சென்னியம்மாள் கையைக் கழுவிவிட்டு வந்து ஸ்டீரிங்கின் முன்னால் உட்கார்ந்தாள். நாத்தனார்களின் ஊருக்குப் போக வேண்டும், அவர்களை மறுபடி காரில் ஏற்ற வேண்டும், சின்னவள் அந்த முள்ளைக் கண்ணால் பார்க்க வேண்டும். சின்னண்ணன் வழக்கம்போல முன் சீட்டில் ஏறிக்கொண்டார். மோகன்குமார் வாசலிலேயே நின்றான்.

"நீயும் வா சாமி" என்றாள் அவள். "பின்னாடி சொகமா உக்காந்துக்க."