வேதநாயகம் தொட்டுச் சொன்ன கடிகாரம்

பாளையங்கோட்டையில் கடிகாரம் பழுது பார்க்கிறவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். இருந்து என்ன? பழைய கடிகாரத்தைக் கையில் வாங்கி, எந்த நாட்டு வேலை, பொன்னா பூச்சா, என்ன பெறும் என்று சொல்ல வேதநாயகம் ஒருவர்தான். இதை அவர் மனைவி எலிசபெத் கோயிலில் சொல்லுவாள், சந்தையில் சொல்லுவாள், கேளாதவர்களைக் கூப்பிட்டும் சொல்லுவாள். கட்டின புருஷனைப் பற்றி இப்படிப் பீற்றிக்கொள்ளலாமா என்றால், "பின்ன, அடுத்த வீட்டுக்காரனப் பத்தியா பீத்திக்கிட முடியும்?" என்பாள்.

அம்மை கண்டு அவருக்கு இரண்டு கண்ணும் போன பிறகும் அவள் பேச்சு குறையவில்லை. ஏன் குறைய வேண்டும்? பழுது பார்ப்பதுதான் நின்றது. மதிப்புச் சொல்வது நிற்கவில்லை. சாவி கொடுக்கும்போது உள்ளே ஓடுகிற ஓட்டத்தை விரலில் பிடித்துவிடுவார். மூடி சாத்துகிற சத்தத்தை வைத்தே கூட்டின் கனத்தைச் சொல்லுவார். உள்மூடியில் குத்திய முத்திரையை நகத்தால் தடவிப் படிப்பார்.

ஐந்தாம் ஜார்ஜ் பட்டம் சூடிய வருஷம், திருநெல்வேலி டவுனில் ஐயம்பெருமாள் பிள்ளை தம் மகள் கோமுவுக்குக் கல்லிடைக்குறிச்சியில் மாப்பிள்ளை பேசினார். தம் குடும்பத்தின் பழைய பைக்கடிகாரத்தை மாப்பிள்ளைச் சீராகக் கொடுப்பதென்று ஏற்பாடு. வேதநாயகம் அதை வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, "இங்கிலாந்து வேல. நூறு வருசத்துக்குக் கொறையாது. கூடு தங்கம். தங்கத்துக்கு ஒரு ஜோடி உழவுமாடு பெறும், வேலப்பாட்டுக்கு இன்னொரு ஜோடி" என்றார். பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை.

நிச்சயதாம்பூலத்தன்று மத்தியானம் பிள்ளை வீட்டு வில்வண்டி பாளையங்கோட்டைக்குப் பறந்து வந்தது. வண்டிக்காரன் சொன்னது இதுதான். மாப்பிள்ளையின் தகப்பனார் சங்கரசுப்பிரமணிய பிள்ளை கூடவே ஓர் ஆசாரியை அழைத்து வந்திருக்கிறார். ஆசாரி கடிகாரத்தை உரைகல்லில் உரசிப் பார்த்து, செம்பு என்று சொல்லிவிட்டார். தாம்பூலம் மாற்றாமல் சம்பந்தம் அந்தரத்தில் நிற்கிறது.

வேதநாயகமும் எலிசபெத்தும் அதே வண்டியில் போய்ப் பந்தலில் கால் வைத்ததுமே சங்கரசுப்பிரமணிய பிள்ளையின் குரல்தான் கேட்டது. "கண்ணு தெரியாத மனுசன் மதிப்புச் சொன்னாராம், அத நம்பி இவுக தட்டுல வச்சாகளாம். நல்லா இருக்குவே ஒங்க நியாயம்!"

எலிசபெத் வாயைத் திறக்கப் போனாள். வேதநாயகம் அவள் கையை அழுத்திவிட்டு, கடிகாரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, "ஆசாரியாரே, எங்கன உரசினிய?" என்று கேட்டார்.

"வளையத்துல. எந்த நகையானாலும் கொக்கியிலயும் வளையத்துலயும்தான் உரசுவோம். நல்ல காரியத்துக்கு வச்ச பொருள மேலெல்லாம் கீறலாமா?"

"கீறக் கூடாதுதான். ஒம்ம தொழில்முறை சரி. ஆனா இது நகையில்லவே. சங்கிலி உரசி உரசி மொதல்ல தேயுறது வளையம்தான். பழசு தேஞ்சு, செம்புல ஒண்ணு செஞ்சு முலாம் பூசி மாட்டியிருக்கான். இந்தா, ஒட்டுத் தட்டுது பாரும். அன்னைக்கே சொன்னேனே, பிள்ளைவாள்?"

"சொன்னிய அண்ணாச்சி," என்றார் ஐயம்பெருமாள் பிள்ளை பரிதாபமாக. "தங்கம்னு கேட்டதுக்கு அப்புறம் ஒரு வார்த்தையும் எங் காதுல ஏறல."

பின்மூடியைத் திறந்து, வெளியே தெரியாத உள்விளிம்பில் ஆசாரி பைய உரசினார். கல்லில் திராவகம் வைத்தார். கோடு மஞ்சளாகவே நின்றது. "தங்கந்தான். நாந்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். அவரும் நல்ல மனுஷர்தான்.

எலிசபெத்துக்கு நெஞ்சு விம்மியது. "இப்பச் சொல்லுங்க, யாருக்குக் கண்ணு தெரியல?" என்று கேட்டே விட்டாள். பந்தலில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

சங்கரசுப்பிரமணிய பிள்ளை அசடு வழிந்தார். பிறகு, பெரிய மனதுபோலத் தம் கோட்டுப் பையிலிருந்த கடிகாரத்தை எடுத்து வேதநாயகத்தின் கையில் வைத்தார். "தப்பு எம்மேலதான்வே. இதையும் பாத்துச் சொல்லும். அசல் தங்கம், மெட்ராஸ்ல வாங்கினது."

வேதநாயகம் மூடியைத் திறந்தார், சாத்தினார், காதில் வைத்தார். "ஓட்டம் நல்ல ஓட்டம். தவறாம சாவி குடுங்க, ஒங்க பேரன் காலத்துக்கும் ஓடும்" என்று திருப்பிக் கொடுத்தார். சங்கரசுப்பிரமணிய பிள்ளைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தாம்பூலத் தட்டு அப்போதே கைமாறியது.

திரும்பும்போது வண்டி ஆற்றுப்பாலத்தில் ஏறியதும் எலிசபெத் கேட்டாள். "அவரு கடிகாரத்துக்கு மட்டும் மதிப்பே சொல்லலியே, ஏன்?"

"பித்தள. மேல லேசாப் பூச்சு."

"அட பாவமே! அங்கனயே சொல்லியிருக்க வேண்டாமா? என்ன பேச்சுப் பேசினாரு ஒங்கள! நானா இருந்தா டவுன் முழுக்கக் கேக்கும்படி சொல்லியிருப்பேன்."

"சொல்லலாம் எலிசபெத்து. நாம சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருவோம். கோமுல்ல அந்த வீட்டுல போயி இருக்கணும்?"

எலிசபெத்துக்குக் கண் நிறைந்துவிட்டது, அவ்வளவு பெருமையாக இருந்தது.