சமஸ்தானத்து மைல்

மாமாவின் காருக்கு ஒருநாள் திடீரென்று உயரம் கூடிவிட்டது. அம்மாவின் தம்பியான அவர், யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த ராணுவ வண்டிச் சக்கரங்களை எங்கோ பிடித்துத் தன் பழைய வாடகைக் காரில் மாட்டிவிட்டார். டயர் உரசாமலிருக்கப் பட்டறையில் மட்கார்டைத் தட்டி வளைத்ததில், கார் காய்ச்சலில் கிடந்து எழுந்த ஆள் மாதிரி இருந்தது. அம்மா ஏறுவதற்கு முக்காலி போட வேண்டியிருந்தது. கேட்டவர்களிடமெல்லாம் மாமா, "ஆத்துல தண்ணி வந்தாலும் இனி கவலையில்ல" என்றார். விராலிமலைச் சாலையிலிருந்த எங்கள் ஊரில் ஆற்றில் தண்ணீரை நான் பார்த்ததே இல்லை.

அப்போது வீட்டில் வேறொரு விவகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் தங்கையை, அதாவது என் அத்தையை, கீரமங்கலத்தில் ஒரு வாத்தியாருக்குக் கேட்டிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்துவிட்டு மாற்றலாகிப் போனவர் அவர். அத்தைக்கு இஷ்டம். அப்பாதான் முறுக்கிக்கொண்டு நின்றார். முப்பது மைலுக்கு அந்தப் பக்கம் பெண் கொடுப்பதில்லை என்று அவராகவே ஒரு சட்டம் போட்டிருந்தார். தாயில்லாமல் வளர்ந்த தங்கை கண் கலங்கினால் சைக்கிளில் ஒரே மூச்சாகப் போய்விடக்கூடிய தூரம் அதுதானாம். அத்தை சாப்பிடாமல் கிடந்தாள். நான் அவள் செல்லம். எனக்கும் சோறு இறங்கவில்லை.

"வாங்க அத்தான், எம்புட்டுத் தூரம்னு அளந்தே பாத்துருவோம்" என்று மாமாதான் கிளப்பினார். நான் ரெட்டைச் சடையோடு முன் சீட்டில் உட்கார்ந்தேன். மீட்டரைப் படித்துச் சொல்வது என் பொறுப்பு.

ஆலங்குடி தாண்டியதும் பின்னாலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "மாப்ளே, நான் மைல்கல்லை எண்ணிக்கிட்டே வாரேன். ஒன் மீட்டரு ரெண்டு மைல் கொறச்சுல்ல சொல்லுது?"

மாமா முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "அது சமஸ்தானத்துக் கல்லுங்க அத்தான். அப்ப நமக்குன்னு தனிக் காசு இருந்துச்சுல்ல? அது மாதிரி மைலும் தனி. கொஞ்சம் கட்டை. இப்பத்தான் இந்தியாவுல சேந்தாச்சே, மீட்டருதான் கணக்கு."

அப்பா யோசித்தார். அந்த அம்மன் காசு புழங்கிய கை அவருடையது. சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. எது மாறியது, எது மாறவில்லை என்று பெரியவர்களுக்கே நிச்சயமில்லாத காலம். "அப்படியா சங்கதி" என்று சாய்ந்துகொண்டார். வாத்தியார் வீட்டு வாசலில் நான் "முப்பது!" என்று கத்தினேன். ஊர் திரும்பிச் சொன்னதும் அத்தை என்னைத் தூக்கிச் சுற்றினாள்.

கல்யாணம் முடிந்து அத்தையைப் புகுந்த வீட்டுக்கு அழைத்துப் போனதும் அந்தக் காரில்தான். ஏறும்போது அவள் மாமாவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டாள். "முக்காலி ஆடுது, பாத்து ஏறு" என்றார் மாமா.

பொங்கல் சீரோடு நாங்கள் மறுபடி போனபோது, காரை ஓட்ட வேறு ஆளை அனுப்பியிருந்தார் மாமா. காரில் பழைய சின்னச் சக்கரங்கள். மீட்டர் முப்பத்துமூன்று காட்டியது. பெரிய சக்கரம் குறைவாகச் சுற்றும், மீட்டர் சுற்றைத்தான் எண்ணும் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அத்தை வீடு தள்ளிப் போய்விட்டதாக நினைத்து அழுதேன். அப்பா மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முறைப்படி அத்தையைக் கட்டியிருக்க வேண்டியவர் மாமாதான். பரிசம் போட நாள் பார்த்ததையும், வேண்டாமென்று அவரே நிறுத்தியதையும் அம்மா எனக்குச் சொன்னபோது நானே இரண்டு பிள்ளைக்குத் தாய்.

அந்தப் பொங்கல் கழிந்து வந்ததும் மாமாவிடம் சண்டைக்குப் போயிருந்தேன். பெரிய சக்கரத்தை ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டேன்.

"ஆத்துலதான் தண்ணி வரலையே" என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.