சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம்

சாய்கோடு என்ற குறியின் மீது எனக்கு அப்போது தீராத எரிச்சல். மைசூரில் ஒரு கண் மருத்துவமனைக்கு, நோயாளிகளின் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் மென்பொருளை நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர், கௌதள்ளிப் பக்கம் முகாம் போட்டு, கண்புரை உள்ளவர்களின் விவரங்களைப் படிவத்தில் வாங்கி வருவார்கள். கைபேசி எண்ணுக்கு இருப்பது ஒரே கட்டம். அதில் பாவி மனிதர்கள் இரண்டு எண்களை எழுதி நடுவில் ஒரு சாய்கோடு இழுத்திருப்பார்கள். சிலர் காற்புள்ளி வைப்பார்கள், சிலர் சின்னக் கோடு. இருபது இலக்கங்களும் சேர்ந்து ஒரே சரமாக வந்தால் செய்தி எங்கே போகும்? எங்கும் போகாது.

கணினி ஒரு சரத்தை எழுத்தெழுத்தாகத்தான் பார்க்கும். எந்தக் குறியில் பிரிக்க வேண்டும் என்று நாம் சொன்னால், அதைத் தேடிப் பிடித்து, அங்கே வெட்டி, துண்டுகளைக் கையில் கொடுத்துவிடும். மூன்று குறிகளையும் தேடச் சொன்னேன். முதல் துண்டை வைத்துக்கொள், மற்றதை விட்டுவிடு என்று எழுதினேன். முதலில் எழுதுவதுதானே சொந்த எண்? நான் அப்படித்தான் எழுதுவேன். வேறு யாரையும் கேட்கத் தோன்றவில்லை. பட்டியல் சுத்தமாகிவிட்டதில் கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

தசரா விடுமுறையில் ஒருநாள் காலை வேறு வேலையாக அந்த மருத்துவமனைக்குப் போயிருந்தேன். வரவேற்பில் இருந்த பெண் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். அவள் முன்னால் துணிப்பையோடு ஐம்பது வயதுள்ள ஓர் அம்மா நின்றார். அவருக்குக் கன்னடம் தெரியாமல் இல்லை, பதற்றத்தில் தமிழ்தான் வந்தது.

"இன்னைக்குத்தானுங்க அம்மணி ஆபரேசன்னு சொன்னாங்க. மொதப் பஸ்ஸப் புடிச்சு, கொள்ளேகால்ல மாறி வர்றனுங். இப்பப் போயி எல்லாம் முடிஞ்சு போச்சுங்கறாங்க."

தசராக் கூட்டத்துக்குப் பயந்து, முகாம் நோயாளிகளின் சிகிச்சையை மூன்று நாள் முன்னதாகவே முடித்திருந்தார்கள். தேதி மாறியதைச் சொல்லியிருக்க வேண்டியது என் மென்பொருள்.

"ஸ்வல்ப இருங்க அக்கா, உங்களுக்கு மெசேஜ் வரலையா?" என்றேன். எங்கள் வீட்டுத் தமிழ் அப்படித்தான், பாதி கன்னடம்; கொஞ்சம் என்பதற்கு ஸ்வல்ப என்றுதான் வரும்.

"ஒண்ணும் வரலீங். போனு பையிலதான் கெடக்குது."

இனி அடுத்த மாதம்தான் என்றாள் வரவேற்புப் பெண். அதைக் கேட்டதும் அந்த அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் கௌதள்ளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைக்கிறவர். அரிசியில் கிடந்த கல் கண்ணில் படாமல் போய், ஒரு பிள்ளைக்குப் பல் உடைந்திருக்கிறது. பள்ளி திறப்பதற்குள் ஆபரேஷன் ஆன சீட்டைக் காட்டினால் இடத்தை வைத்திருப்பேன், இல்லையென்றால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டாராம்.

"நானே ஆக்கிப் போட்ட சோறுங்க," என்றார். வேலை போய்விடும் என்பதைவிட அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது.

மடிக்கணினியைத் திறந்தேன். செய்தி போயிருந்தது, ஆனால் அவருடைய எண்ணுக்கு இல்லை. அசல் படிவத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். இரண்டு எண்கள், நடுவில் சாய்கோடு. அவருடையது அந்தப் பக்கம் இருந்தது. நான் விட்டுவிடச் சொன்ன பக்கம்.

"முன்னாடி இருக்கறது யார் நம்பர் அக்கா?"

"எங்க வூட்டுக்காரரோட அண்ணனுதுங்க. பெரியவரு இருக்கறப்ப நம்முளுத மொதல்ல எழுதறதாங்க? அவரு மெசேஜெல்லாம் பாக்க மாட்டாரு, போன் வந்தா எடுப்பாரு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நேராக டாக்டரிடம் போய், தப்பு அந்த அம்மாவுடையது இல்லை, என்னுடையது என்றேன். டாக்டர் கன்னடத்தில் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். திட்டி முடித்ததும் நாளை மறுநாள் காலை முதல் ஆளாக எடுத்துக்கொள்கிறேன், அதுவரை முகாம் வார்டில் தங்கட்டும் என்றார்.

அங்கேயே உட்கார்ந்து மென்பொருளைத் திருத்தினேன். எந்தத் துண்டையும் விடாதே, பத்து இலக்கம் இருந்தால் எல்லாவற்றுக்கும் அனுப்பு. செய்தி கிடைக்காத மற்றவர்களையும் வரவேற்புப் பெண்ணும் நானும் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டோம்.

புதுப் படிவத்துக்கு எண் கேட்டபோது அந்த அம்மா மறுபடி பெரியவருடைய எண்ணைத்தான் முதலில் சொன்னார். அதையே முதலில் எழுதினேன். சாய்கோடு போட்டு, அந்தப் பக்கம் அவருடையதை எழுதினேன். புதுத் தேதியை அனுப்பிய அடுத்த நிமிடம் துணிப்பைக்குள் போன் சிணுங்கியது. எடுத்தார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"கண்ணு தெரியலீங்களே அம்மணி. என்னன்னு படிங்க."

கண் தெரியாதவர்களுக்கு இத்தனை நாளும் எழுத்தை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். நான் கன்னடத்தில் எழுதிய செய்தியை நானே அவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"பள்ளிக்கூடம் தொறக்கறதுக்கு முன்னாடிதானுங்களே?"

"முன்னாடிதான் அக்கா."

"இன்னொருக்கா படிங்க," என்றார்.

படித்தேன்.