மூட்டை மாறிய பலகை

பலகை செய்யும் தொழிற்சாலையில் அவனுக்கு மாவு என்று பேர். மரத்தூளையும் பிளாஸ்டிக் மணிகளையும் வெள்ளைப் பொடியையும் கலவை இயந்திரத்தில் கொட்டுவது வேலை. சாயங்காலம் இமைவரை வெளுத்துப்போய் வெளியே வருவான். பயந்தாங்கொள்ளி என்றால் அப்படியொரு பயந்தாங்கொள்ளி. தெருமுனைவரை போய்விட்டு, அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி ஓடிவருகிற ரகம். பெண்டாட்டி தலையில் அடித்துக்கொள்வாள்.

பொடியில் இரண்டு வகை. ஒன்று வெறும் சுண்ணாம்புப் பொடி, சாதாரணப் பலகைக்கு. இன்னொன்றைத் தீப்பொடி என்பார்கள். சூடு ஏறினால் அது தனக்குள் இருக்கும் நீரை ஆவியாக விட்டு நெருப்பை அமுக்கும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று போகிற பலகைக்கு அதைத்தான் போட வேண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், சாக்குதான் வேறு.

தீப்பொடிச் சாக்கு நல்ல கெட்டி. காலியானால் தூக்கிப்போட யாருக்கும் மனசு வராது. தரையில் சிந்திய சுண்ணாம்புப் பொடியைக் கூட்டி அள்ளி அதில்தான் கட்டிவைப்பார்கள். கேட்டால், "அதான் எல்லாருக்கும் தெரியுமே" என்பார்கள். இதைவிட ஆபத்தான பேச்சு உலகத்தில் கிடையாது. மாவும் அப்படிச் சில மூட்டைகளைக் கட்டிச் சுவரோரம் சாய்த்துவிட்டுக் காய்ச்சலில் லீவு போட்டான். திரும்பி வந்தபோது மூட்டைகளைக் காணோம். "நீ இல்லாதப்போ ஸ்கூல் ஆர்டர முடிச்சு அனுப்பிட்டோம்" என்றார்கள். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற மனுஷன், இதற்குப் பயப்படாமல் விட்டுவிட்டான்.

கொஞ்ச நாள் கழித்துச் சாப்பாடு போடும்போது மனைவி சொன்னாள்: "பாப்பா கிளாஸ்ல புதுசா தடுப்பு போட்டிருக்காங்க. உங்க கம்பெனிப் பலகையாம். நெருப்பே பிடிக்காதாமே?"

சுவரோரம் சாய்த்த மூட்டைகள் அப்போதுதான் அவனுக்கு நினைவுக்கு வந்தன. கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டான்.

மறுநாள் மகளோடு அவனும் பள்ளிக்கூடத்துக்குப் போனான். தடுப்பு போட்டபோது வெட்டிய துண்டு ஒன்று கதவுக்குப் பின்னால் கிடந்தது. டீச்சரிடம் கேட்டு வாங்கி, முற்றத்துக்குக் கொண்டுபோய் லைட்டரைக் காட்டினான். நல்ல பலகையென்றால் லைட்டரை விலக்கியதும் தீ செத்துவிடும். இது எரிந்தது. உருகிச் சொட்டச் சொட்ட எரிந்தது. உள்ளே பிள்ளைகள் கோரஸாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். அதில் அவன் மகளின் குரல் தனியாகக் கேட்டது.

"டீச்சர், பிள்ளைங்கள உடனே வெளிய கூட்டிட்டு வந்துருங்க!"

டீச்சர் அந்தத் துண்டைப் பார்த்தார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, உள்ளே ஓடினார்.

மேனேஜருக்குப் போன் போட்டான். விஷயத்தை முழுதாகச் சொல்வதற்குள் அவர் சிரித்துவிட்டார். "உனக்கு எதுக்குத்தான்யா பயமில்ல?"

வேலை போய்விடும் என்று தெரியும். "சார், அந்தச் சாக்குல சுண்ணாம்ப நிரப்பி வச்சது நான்தான்" என்றான்.

சிரிப்பு நின்றது. பிறகு கம்மிய குரலில் கேட்டார்: "அதே கலவைலதானே ஆஸ்பத்திரி குழந்தைங்க வார்டுக்கும் ஒரு லாரி அனுப்பினோம்?"

"ஒன்னும் ஆகாதுன்னு சொல்லுங்க சார்."

"வை, ஆஸ்பத்திரிக்குப் போன் போடணும்" என்று அவர் லைனைத் துண்டித்தார்.