நிர்மலாதேவி வீட்டில் கேட்காத கேள்வி

மருத்துவக் கல்லூரியில் டாக்டர் நிர்மலாதேவி எடுத்த வகுப்பை ஆசிரியர் அறையில் 'பஜனை கிளாஸ்' என்பார்கள். அவர் காதில் விழும்படியே சொல்வார்கள். 'நோயும் நம்பிக்கையும்' என்பது அவர் வைத்த தலைப்பு. வருஷத்துக்கு நாலு மணி நேரம். அதிலிருந்து தேர்வில் கேள்வி வராது என்பதால் பின்வரிசையில் பாதிப் பேர் செல்போனைக் குடைந்துகொண்டிருப்பார்கள்.

அவருக்குச் சொந்த ஊர் ஆலங்குளம். அப்பா சின்ன வெங்காயமும் தக்காளியும் போடுகிற சம்சாரி. மாமன் மகன் இசக்கிப்பாண்டிக்குத்தான் என்று சிறு வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். இவருக்கு மெடிக்கல் சீட் கிடைத்தது, அவர் போலீசில் கான்ஸ்டபிள் ஆனார். "டாக்டருக்குப் படிக்க புள்ளைய போலீஸ்காரனுக்கா குடுக்கப் போறீங்க?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். நிர்மலாதேவிதான் பிடிவாதமாக இருந்து அவரையே கட்டிக்கொண்டார். தென்காசிக்கு வெளியே குத்துக்கல்வலசையில் வீடு கட்டிக் குடிவந்தார்கள். பிள்ளைகள் இல்லை.

சிவகிரிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தபோது நல்லக்கண்ணு என்று ஒரு விவசாயி அவரிடம் காசநோய்க்கு வைத்தியம் பார்த்தார். நன்றாகத் தேறி வந்தவர் கார்த்திகையில் மாலை போட்டதும் மாத்திரை சாப்பிட வருவதை நிறுத்திவிட்டார். நிர்மலாதேவி ஆள் அனுப்பி வரவழைத்து, எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். "சாமியும் வேண்டாம் பூதமும் வேண்டாம், மொதல்ல மாத்திரையைப் போடுங்க." நல்லக்கண்ணு எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு போனவர் பிறகு வரவே இல்லை. சித்திரையில் இறந்துபோனார்.

அவர் மனைவி வடிவம்மாள் இறப்புச் சான்றிதழுக்காக வந்திருந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மருந்தில் ஒன்று காப்ஸ்யூல். அதன் கூடு மாட்டு எலும்பிலிருந்து செய்வது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். விரதத்தில் அதை எப்படி விழுங்குவது என்று மனுஷன் நின்றுவிட்டார்.

"கூட்டைப் பிரிச்சு உள்ள இருக்க மருந்தை மட்டும் திங்கலாமான்னு கேக்கணும்னுதான் அன்னைக்கு வந்தாவ. நீங்க சத்தம் போட்டதுல வாயடைச்சுப் போயிட்டு. நீங்க ஒரு வார்த்தை என்னன்னு கேட்டிருந்தா அவியளே சொல்லியிருப்பாவ, டாக்டரம்மா."

வடிவம்மாள் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அதுதான் நிர்மலாதேவியைப் பல வருஷம் தூங்கவிடாமல் அடித்தது.

மேல்படிப்பு முடித்து, தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றில் சமூக மருத்துவத் துறையில் சேர்ந்தபிறகு டீனிடம் கெஞ்சிக் கூத்தாடி அந்த நாலு மணி நேரத்தை வாங்கினார். சாமியைப் பற்றி அதில் ஒன்றும் சொல்லித்தர மாட்டார். அவரே வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதோடு சரி. மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குவார். இந்த நேரத்தில் உங்களுக்குத் தெம்பு எதிலிருந்து வருகிறது? மனதில் பாரமாக எதுவும் இருக்கிறதா? நாங்கள் செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது ஏதாவது உண்டா? பதிலை கேஸ் ஷீட்டின் கடைசிப் பக்கத்தில் தமிழில், நோயாளி சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும் என்பது அவர் போட்ட கட்டளை.

"சாமியே கும்பிடாதவங்ககிட்ட என்ன மேடம் கேக்கது?" என்று ஒரு பையன் எழுந்து கேட்டான்.

"இதே மூணுதான். தெம்பும் பாரமும் எல்லாருக்கும் உண்டும்லா?"

இசக்கிப்பாண்டி சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றார். பணியில் இருந்த காலம் முழுக்க வருஷா வருஷம் கேட்டு வாங்கிக்கொண்டு குற்றாலம் சீசன் டூட்டிக்குப் போவார். எவ்வளவோ பேர் அந்தக் கூட்டத்தில் நின்று விசில் ஊத முடியாது என்று தப்பிப்பார்கள். "சாரல்ல நனைஞ்சு சளியப் புடிச்சுட்டு வாறதுக்கு இப்படி ஒரு ஆசையா?" என்று நிர்மலாதேவி கடிந்துகொள்வார். அவர் சிரித்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஓய்வு பெற்று இரண்டாம் வருஷம் சித்திரையில் அவருக்குச் சாப்பாடு பிடிக்காமல் போனது. வைகாசியில் கண் மஞ்சளானது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் கணையத்தில் புற்று, ஈரலுக்கும் பரவியிருந்தது. நிர்மலாதேவி படத்தை வெளிச்சத்தில் ஒரே தடவை பார்த்தார். எத்தனை மாதம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தன் கல்லூரி மருத்துவமனையிலேயே சேர்த்து, பித்தம் வடியக் குழாய் வைத்தார்கள். நிர்மலாதேவி விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே இருந்தார். காலையும் மாலையும் ரத்தப் பரிசோதனைத் தாளைப் படித்துக் காட்டுவார். "நேத்தைக்கு இன்னைக்கு மஞ்சள் கொறஞ்சிருக்கு." "உப்பு சரியாத்தான் இருக்கு." இசக்கிப்பாண்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். வேறு பேச்சு இருவரிடமும் இல்லை. பேச ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று இருவருக்கும் பயமாக இருந்தது.

அந்த வார்டில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தவள் ஹஃப்சா. கடையநல்லூர்ப் பெண், வாப்பா துபாயில். நிர்மலாதேவியின் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவள். மேடத்தின் கணவரிடம் போய் அந்த மூன்று கேள்வியைக் கேட்பதா வேண்டாமா என்று இரண்டு நாள் குழம்பினாள். மூன்றாம் நாள், மேடம் கேன்டீனுக்குப் போயிருந்த நேரம், கட்டில் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டுவிட்டாள்.

இசக்கிப்பாண்டி மெதுவாகச் சொன்னார். அவள் எழுதாமல் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"எழுதிக்கம்மா" என்றார் அவர்.

"இத எழுதணுமா அங்கிள்? மேடம் பார்ப்பாங்களே."

"அவ பாக்கணும்னுதான் சொல்லுதேன்."

அன்று சாயங்காலம் உப்பின் அளவைப் பார்க்க நர்ஸ் மேஜையிலிருந்து கேஸ் ஷீட்டை வாங்கிப் புரட்டினார் நிர்மலாதேவி. கடைசிப் பக்கத்தில் ஹஃப்சாவின் உருண்டை உருண்டையான கையெழுத்து இருந்தது.

'தெம்பு: வீட்டம்மா பக்கத்துல இருந்தா போதும். பாரம்: எங்களுக்கு ஒரு பொம்பளப் புள்ள பொறந்து ஒரு நாள்ல போயிட்டு. நான்தான் கொண்டுபோய்ப் பொதச்சேன். அதுக்கு ஒரு பேரு வச்சேன். இருபத்தொம்போது வருசமா வீட்டுல சொல்லல. செய்ய வேண்டியது: அந்த எடத்துக்கு அவளக் கூட்டிட்டுப் போகணும். எனக்கு நடக்கத் தெம்பு இருக்கும்போதே வெளிய அனுப்பிட்டா நல்லது.'

நர்ஸ் ஏதோ கேட்டாள். நிர்மலாதேவிக்குக் காதில் விழவில்லை.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆனி மாதம், ஏழாம் மாசத்திலேயே வலி கண்டு தென்காசியில் பிறந்த குழந்தை. கையளவுதான் இருந்தது. அந்த எடைக்கு அந்தக் காலத்தில் இங்கே வழியில்லை என்று டாக்டரான அவருக்குத் தெரியும். மறுநாள் விடியும்போது மூச்சு நின்றது. இசக்கிப்பாண்டி துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டு மத்தியானம் திரும்பி வந்தார். வாயைத் திறக்கப் போனவரிடம், "இதப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார் நிர்மலாதேவி. எங்கே புதைத்தார் என்று அன்றும் கேட்கவில்லை, பின்னாலும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து வேலைக்குப் போனார்.

அறைக்குள் வந்தபோது அவருக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம்.

"படிச்சிட்டியா?" என்றார் இசக்கிப்பாண்டி.

"இத எங்கிட்ட சொல்ல உங்களுக்கு ஒரு சின்னப்புள்ள வேணுமோ?"

"நீ பேசக் கூடாதுன்ன. சரின்னுட்டேன். பொறவு எப்ப பேசலாம்னு நீ சொல்லவே இல்லியே."

நிர்மலாதேவி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"நானும் நீ மறந்துட்டன்னுதான் நெனச்சேன். ஞாவகப்படுத்தி வேதனைப்படுத்தக் கூடாதுன்னு கெடந்தேன்."

"எங்க வச்சீங்க?"

"குத்தாலத்துல. சித்தாத்துக் கரையில. அப்ப எனக்கு அங்கனதான சீசன் டூட்டி. தெனமும் நிக்க எடம், பக்கத்துல இருந்த மாதிரி இருக்கும்னு கொண்டு போனேன். பொறவும் அதுக்காகத்தான் வருசா வருசம் டூட்டி கேட்டு வாங்கினேன். நீ ஏசுவ. நான் என்னத்தச் சொல்ல?"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, "குழி தோண்டும்போது கோயில்ல மணி அடிச்சுது" என்றார். "பேரில்லாம மண்ணுக்குள்ள வைக்க மனசு வரலட்டி. அம்மன் பேருதான் வாயில வந்துச்சு. குழல்வாய்மொழின்னு கூப்பிட்டேன். மூணு தடவ."

நிர்மலாதேவி அந்தப் பேரைத் திரும்பச் சொல்லப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது.

மறுநாளே போகலாம் என்றுதான் முடிவு செய்தார்கள். கிளம்புகிற அன்று காலையில் குளிர்ஜுரம் வந்து உடம்பு தூக்கிப் போட்டது. வைத்த குழாயில் கிருமி. பதினோரு நாள் அதிலேயே போனது. ஜுரம் விட்டபோது அவரால் தனியாக எழுந்து உட்கார முடியவில்லை. பொறுப்பு டாக்டர் தயங்கினார். "மேடம், ரோட்டுல ஏதாவது ஆச்சுன்னா?" என்றார். "ஆகட்டும் சார்" என்று சொல்லிவிட்டு நிர்மலாதேவி கையெழுத்துப் போட்டார்.

ஒரு வியாழக்கிழமை காலை. வாடகைக் காரில் பின்சீட்டில் தலையணை வைத்துப் படுக்க வைத்திருந்தார். குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்தது. அருவியில் தண்ணீர் அதிகம் என்று குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். அதனால் கூட்டமெல்லாம் ரோட்டில் நின்றது. இசக்கிப்பாண்டி கண்ணாடியை இறக்கச் சொல்லி, வழி சொல்லிக்கொண்டே வந்தார். "நேரா போப்பா. எடதுகைப் பக்கம் எறக்கம் வரும். ஒரு இலுப்பை மரம் நிக்கும். அந்தா..."

அங்கே இலுப்பை மரம் இல்லை. ஆற்றோரம் சிமெண்டுச் சுவர் எழுப்பி, மேட்டைத் தட்டி, வண்டி நிறுத்தும் இடமாக்கியிருந்தார்கள். சுற்றுலாப் பஸ் ஒன்று பின்னால் வந்து திரும்பிக்கொண்டிருந்தது.

"போன தடவ நான் வரும்போது இருந்துச்சே" என்றார். அவர் கடைசியாக அந்தப் பக்கம் வந்து மூன்று வருஷமாகியிருந்தது.

ரம்புட்டான் விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் நிர்மலாதேவி பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கேட்டார். அவள் என்ன ஏது என்று கேட்காமல் துடைத்துக் கொடுத்தாள். டிரைவரும் நிர்மலாதேவியுமாகத் தாங்கி அவரை அதில் உட்கார வைத்தார்கள். நிர்மலாதேவி குடை பிடித்தார்.

"இங்கனதான். இல்ல... அந்தப் பஸ் நிக்குதுல்லா, அங்கன. சுவருக்கு அங்கிட்டோ? தெரியலியே நிர்மலா. எனக்குத் தெரியலியே."

முப்பத்தைந்து வருஷத்தில் அவர் அழுது நிர்மலாதேவி பார்த்ததில்லை. சத்தமில்லாமல், தோள் குலுங்க, சின்னப் பையன் மாதிரி அழுதார். வண்டிகள் ஹார்ன் அடித்தன. நிர்மலாதேவி குடையை டிரைவரிடம் கொடுத்துவிட்டு ஈரத்தரையில் அவர் காலடியில் உட்கார்ந்தார்.

"எங்கன இருந்தா என்ன? இந்தக் கரையிலதான இருக்கா" என்றார். பிறகு ஆற்றைப் பார்த்து, "குழல்வாய்மொழி" என்று கூப்பிட்டார். அந்த முறை முழுதாகச் சொல்ல முடிந்தது. அவரும் கூடச் சொன்னார். இருபது நிமிஷம்போல இருந்திருப்பார்கள். அவருக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்ததும் காரில் ஏற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நேரே குத்துக்கல்வலசை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் இசக்கிப்பாண்டி வீட்டிலேயே இறந்தார். அந்த ஒன்பது நாளும் அவர்கள் நிறையப் பேசினார்கள் என்று சொல்ல முடியாது. வலி மருந்தில் அவர் பாதி நேரம் மயக்கத்தில் இருந்தார். விழித்திருந்த நேரத்தில் குழந்தையின் முகம் எப்படி இருந்தது என்று நிர்மலாதேவி கேட்டார். தான் சரியாகப் பார்க்கவில்லை, அன்று பார்க்கத் துணியவில்லை என்றார். "உன் மூக்கு" என்றார் அவர். "நல்லா எடுத்து வச்ச மாதிரி."

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்தபிறகு ஹஃப்சா வந்தாள். கொண்டுவந்த பழத்தை மேஜையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தாள்.

"நான் அத எழுதியிருக்கக் கூடாது மேடம். கடைசி நேரத்துல உங்களுக்கு அது வேற கஷ்டம்."

"எழுதாட்டா எனக்குத் தெரியாமலே போயிருக்கும்" என்றார் நிர்மலாதேவி. கொஞ்சம் பொறுத்து, "ஆனா உம்மேல எனக்குப் பொறாமைதான் ஹஃப்சா. பொய் சொல்ல மாட்டேன். ஏழு வருசமா ஊருக்கெல்லாம் கேக்கச் சொல்லிக் குடுத்தேன். அவரு பக்கத்துலயே ஒக்காந்து உப்பு எவ்ளோ, மஞ்சள் எவ்ளோன்னு வாசிச்சிட்டிருந்தேன்" என்றார்.

ஹஃப்சா பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆவணியில் கல்லூரிக்குத் திரும்பினார். அந்த வருஷம் நாலு மணி நேரத்தை இரண்டாகக் குறைத்திருந்தார்கள். முன்னால் என்றால் டீன் அறைக்குப் போய்ச் சண்டை போட்டிருப்பார். இப்போது சரி என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டார். வகுப்பில் நல்லக்கண்ணுவின் கதையைச் சொன்னார். அடுத்ததாக இன்னொன்று சொல்ல வாயெடுத்தார், முடியவில்லை. இருபது நிமிஷம் முன்னதாகவே மாணவர்களைப் போகச் சொல்லிவிட்டார். அன்று யாரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் தென்காசி நகராட்சி அலுவலகத்துக்குப் போய், தொண்ணூற்றாறாம் வருஷத்துப் பிறப்புப் பதிவு ஒன்று வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். இரண்டு தடவை அலைந்தபிறகு கிடைத்தது. பாலினம் பெண். தாய், தகப்பன் பெயர் சரியாக இருந்தது. குழந்தையின் பெயருக்கு உரிய கட்டம் காலியாக இருந்தது.

"இதுல இப்ப பேரு சேக்க முடியுமா?"

கவுன்டரில் இருந்தவர் தேதியைப் பார்த்தார். "காலம் எவ்வளவோ தாண்டிட்டும்மா. இனிமே வழியில்ல. எதுக்குக் கேக்கீங்க, பாஸ்போர்ட்டுக்கா?"

"இல்ல. சும்மா வச்சுக்கத்தான்."

அவர் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துவிட்டு முத்திரை குத்திக் கொடுத்தார். நிர்மலாதேவி அதை மடிக்காமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.