கிருமிகளைப் பட்டினி போட்ட முனாப்

தோப்பூர் முனாப் மிளகாய்த் தோட்டம் செய்தார் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. அவர் மருந்தடித்தார், இடையில் மிளகாயும் காய்த்தது.

எழுபதுகளில் வெளிநாட்டு மிளகாய் வருவது நின்று, உள்ளூர்ச் செத்தல் மிளகாய்க்கு மவுசு ஏறியதும் ஊரே தோட்டத்தில் இறங்கியது. மற்றவர்கள் பூச்சியைக் கண்ட பிறகு மருந்து தேடினார்கள். முனாப் பூச்சி வருவதற்கு முன்பே மருந்தடிக்கும் மெசினும் கையுமாக நின்றார். இலைக்கு ஒரு மருந்து, பூவுக்கு ஒன்று, வேர்ப்புழுவுக்கு மண்ணில் ஊற்ற இன்னொன்று. போத்தலில் மண்டையோட்டுப் படம் பெரிதாக இருந்தால் சரக்கு நல்லது என்பது அவர் கட்சி. எல்லாவற்றையும் வெறுங்கையால்தான் கலக்குவார். மூக்கை மூடச் சொன்னால், "மணம் தெரியாட்டி மருந்து சரியோ பிழையோ எண்டு எப்பிடிப் பாக்கிற?" என்பார். இப்படி ஒரு புத்திசாலியை ஊர் தாங்கியதே பெரிய விஷயம்.

அவர் உடம்பு தாங்கவில்லை. ஒருநாள் தோட்டத்திலேயே வாந்தியெடுத்து விழுந்தார். வேர்த்துக் கொட்டியது, கைகால் நடுங்கியது. மூதூர் ஆஸ்பத்திரியில் டாக்குத்தர், முனாபின் மனைவி றுக்கியாவைக் கூப்பிட்டு, "இன்னொருக்கா இப்பிடி வந்தால் காப்பாத்த ஏலாது" என்றார். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக முனாப் மெசினை முதுகில் மாட்டினார். றுக்கியா அழுதாள், சண்டை பிடித்தாள், சமைக்க மாட்டேன் என்று படுத்தாள்.

"நான் விழுந்த மருந்தாலயோ? வெயிலால," என்றார் அவர்.

பயத்தில் அவள்தான் பாதியாக மெலிந்து போனாள்.

அந்த வருடம் வேர்ப்புழுவுக்கு ஊற்றிய மருந்து வேலை செய்யவில்லை. முனாப் இரண்டு மடங்கு ஊற்றினார். புழு சாகவில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது, விவசாய உத்தியோகத்தர் வின்சன்ட் வந்து சேர்ந்தான்.

"கடைக்காரன்ல பிழையில்ல முனாப் காக்கா. மண்ணில பக்டீரியா எண்டு கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கு. வருசக்கணக்கா ஒரே மருந்தை ஊத்த, அதுகள் அதைத் தின்னப் பழகிட்டுதுகள். புழுவுக்குப் போய்ச் சேர முதல் மருந்து முடிஞ்சுபோகுது."

முனாப் மெசினை இறக்கி வைத்தார். "என்ட மருந்தையோ?"

"ஓம்."

"திண்டுபோட்டுச் சாகேல்லையோ?"

"இல்ல. பெருகுதுகள்."

புழு செடியைத் தின்றதைக்கூட அவர் பொறுத்திருப்பார். முன்பின் அறிமுகமில்லாத ஒரு கூட்டம் தன் செலவில் கொழுக்கிறது என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. முகம் கறுத்தது. றுக்கியா அதைக் கண்டுவிட்டாள். தன் கண்ணீரால் ஆகாத காரியம் இந்த எரிச்சலால் ஆகும் என்று அவளுக்குப் பட்டது.

"அப்ப இவ்வளவு காலமும் அதுகளுக்குத்தான் நீங்க சோறு போட்டிருக்கீங்க," என்றாள். "எனக்கு ஒரு சீலை எடுத்துத் தர யோசிக்கிற மனிசன்."

"இனி எந்த மருந்தும் ஒரு சொட்டும் அடிக்கவும் மாட்டன், ஊத்தவும் மாட்டன்," என்றார் முனாப். "பட்டினி கிடந்து சாகட்டும்."

அடுத்த போகம் மிளகாயை விட்டுச் சோயா போட்டார்கள். வின்சன்ட் கொடுத்த கறுப்புத் தூளை றுக்கியா கஞ்சியில் குழைத்து விதையில் பூசினாள். அதற்குள் இருந்ததும் பக்டீரியாதான். வேரில் குடியிருந்து, காற்றிலுள்ள சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் வகை. என்ன தூள் என்று முனாப் கேட்டதற்கு, உரம் என்று சொல்லிவிட்டாள். சோயா கரும்பச்சையாக எழுந்து நின்றது.

தோட்டம் பார்க்க ஆட்கள் வந்தார்கள். முனாப் வேலியோரத்தில் நின்று விளக்கம் கொடுத்தார்.

"கிருமியெல்லாம் செத்திட்டுது. சாப்பாட்ட நிப்பாட்டினன், அவ்வளவுதான். இப்ப இந்தக் காணியில ஒண்டுமில்ல."

எல்லாரும் தலையாட்டினார்கள். எங்கள் ஊரில் உரத்துப் பேசுகிறவருக்குத் தலையாட்ட ஆள் பஞ்சமில்லை.

வின்சன்டுக்குத்தான் மனம் கேட்கவில்லை. ஒரு செடியைப் பிடுங்கி, வேரிலுள்ள முடிச்சுகளில் கோடிக்கணக்கான கிருமிகள் உயிரோடு இருப்பதைக் காட்டக் குனிந்தான். றுக்கியா கிட்ட வந்து மெதுவாகத் தடுத்தாள்.

"விடுங்க தம்பி. இவர் உசிரோட இருந்து பிழையாக் கதைச்சா எனக்கு அது போதும்."